தண்டல் வீட்டு மேற்குச் சுவர்

பாத்ரூம் ஃபேன் மாட்டுகிற செல்வராஜ் என்று சொன்னால்தான் தூத்துக்குடியில் பலருக்கு என்னை அடையாளம் தெரியும். வீடு முழுக்க வயரிங் செய்திருக்கிறேன், கிணற்றில் மோட்டார் இறக்கியிருக்கிறேன், மாதா கோயில் திருவிழாவுக்குச் சீரியல் பல்பு கட்டியிருக்கிறேன். ஆனாலும் ஒட்டிக்கொண்ட பெயர் அதுதான். எங்கள் வயர்மேன் சங்கத்துக்காரர்கள் போன வாரம் வீட்டுக்கு வந்து, பழைய வீடுகளில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிய அனுபவத்தைச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். இப்போது சுவரில் ஓட்டை போட மெஷின் வந்துவிட்டதாம், வெண்ணெயை வழிப்பதுபோல வட்டமாக அறுத்து எடுத்துவிடுகிறதாம். எனக்கு அதில் சந்தோஷம்தான். நாங்கள் பகல் முழுக்க உளியால் தட்டிவிட்டு, சோற்றைப் பிசையக் கை வராமல் உட்கார்ந்திருந்த பாடு இனி யாருக்கும் வேண்டாம்.

எழுத உட்கார்ந்தால் ரெஜினா அக்காவும் தண்டல் வீடும்தான் முன்னால் வந்து நிற்கிறார்கள். அதனால் அதையே எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிப்பை முடித்துவிட்டு, துறைமுகத்தில் தற்காலிக ஆளாகக் கொஞ்ச காலம் கேபிள் இழுத்தேன். வேலை நிரந்தரம் ஆகவில்லை. எழுபதுகளின் கடைசியில் ரெஜினா அக்காவின் எலெக்ட்ரிக் கடையில் சேர்ந்தேன். கடை அவர் கணவர் வைத்தது. அவர் திடீரென்று மாரடைப்பில் போனதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் கடையை விற்றுவிடச் சொன்னார்கள். அக்கா யாரிடமும் வாதாடவில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ஓய்ந்ததும் ஒரு காலையில் கதவைத் திறந்து கல்லாவில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் கடை மூடவேயில்லை.

அக்கா ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஃபேன் மாட்டச் சொல்லி யார் வந்தாலும், முதலில் அக்கா போய் அந்த வீட்டைப் பார்த்தாக வேண்டும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார். வீட்டு ஆண்கள் விவரம் சொல்ல ஆரம்பித்தால், "சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி" என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போய் அந்த வீட்டுப் பெண்ணிடம் நிற்பார். "குளிச்சிட்டு வந்தா கண்ணாடியில முகம் தெரிய எம்புட்டு நேரம் ஆவுது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அடுத்தது, பாத்ரூமில் தொங்குகிற துண்டை எடுத்து முகர்ந்து பார்ப்பார். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உள்ளேயே உட்கார்ந்து, கதவைச் சாத்தி, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்துவார். புகை எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த மூலையில் தேங்குகிறது என்று அது பாதி எரிகிற வரைக்கும் பார்ப்பார். வெளியே வந்ததும் சுவரில் ஓர் இடத்தை விரலால் தொடுவார். ஓட்டை அங்கேதான்.

மில்லர்புரத்தில் ஒரு வீட்டில் வேறு யாரோ புது ஃபேன் மாட்டியிருந்தார்கள். நன்றாகச் சுற்றியது, சத்தமும் சரியாக இருந்தது, ஆவி மட்டும் போகவேயில்லை. அக்கா ஊதுபத்தியோடு உள்ளே போய் வந்து, "செல்வம், கதவுக்கு அடியில ரெண்டு விரக்கடை அறுத்து எடு" என்றார். அறுத்தேன். புகை கயிறு பிடித்து இழுத்ததுபோல ஃபேனுக்குள் போனது. "உள்ள காத்து வர வழி இல்லாம வெளிய எப்படிப் போவும்?" என்று கேட்டுவிட்டு அக்கா செருப்பை மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து ஃபேன் மாட்டப் போனால் நான் முதலில் கதவின் அடியைத்தான் பார்ப்பேன். அடுத்ததாக ஸ்குரூவைப் பார்ப்பேன். எங்கள் ஊர் உப்புக்காற்றில் இரும்பு ஸ்குரூ அடுத்த வருஷம் துருவாகக் கொட்டிவிடும். தோணிக்குச் சாமான் விற்கிற கடையில் பித்தளை ஸ்குரூ வாங்கி வைத்திருப்போம்.

இனி தண்டல் வீடு.

தோணியை நடத்துகிற தலைவரைத் தண்டல் என்பார்கள். மிக்கேல் தண்டல் வெகுகாலம் கொழும்புக்குத் தோணி ஓட்டியவர். கண் மங்கியதும் கரையிலேயே தங்கிவிட்டார். அவர் வீட்டு வேலைக்கு எங்கள் கடைக்கு வந்தது அவரில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கூடையோடு வந்து நின்றாள். பெயர் ஸ்டெல்லா.

"அக்கா, பாத்ரூமுக்கு ஒரு ஃபேன் மாட்டணும். எங்க வீட்டுக்கு இல்ல, அடுத்த வீட்டுக்கு."

"அடுத்த வீட்டுக்காரவங்க கேட்டாவளா?"

"இல்லக்கா. அடுத்த வீடு எங்கம்மா வீடு."

அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஸ்டெல்லா உட்கார்ந்து சொன்னாள். ஒரு காலத்தில் ஒரே பெரிய வீடாக இருந்ததை நடுவில் பிரித்து இரண்டாக விற்றிருந்தார்கள். ஒரு பாதியில் தண்டலும் அவர் மனைவி பிலோமினம்மாளும் ஸ்டெல்லாவும். மறு பாதியில், தென்திருப்பேரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ராகவன் என்கிற பள்ளிக்கூட வாத்தியார். ஸ்டெல்லாவுக்கும் அவருக்கும் பிடித்துப்போய் ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டார்கள். தண்டல் அப்போது கடலில் இருந்தார். திரும்பி வந்ததும், "அந்த வீட்டோட இந்த வீட்டுக்கு ஒரு பேச்சும் கிடையாது" என்று சொன்னார். அதோடு சரி. ஆறேழு வருஷமாக ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். வேறு தெருவுக்குப் போய்விடலாம் என்று ராகவன் கேட்டபோதெல்லாம் ஸ்டெல்லா மாட்டேன் என்றிருக்கிறாள்.

"காலையில நான் எங்க முத்தத்துல துணி துவைப்பேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் அம்மா பாத்ரூம்ல துவைப்பாவ. அவியளுக்கு இழுப்பு உண்டு. இருமுறது எனக்குக் கேக்கும். மழைக்காலத்துல கூடிரும். வெந்நியும் சோடா உப்பும் சேந்து உள்ள ஒரே ஆவி, போறதுக்கு ஒரு பொந்து கிடையாது. நான் இந்தப் பக்கம் கல்லுல துணிய வச்சுட்டு, இருமல் நிக்கட்டும், நிக்கட்டும்னு நிப்பேன்."

அக்கா, "நீ சொல்லித்தான் வந்தோம்னு சொல்லலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்க்கா."

"நானாச் சொல்ல மாட்டேன். கேட்டா சொல்லிருவேன். பொய் சொல்லி ஒரு வீட்டுக்குள்ள போக எனக்குத் தெரியாது."

நாங்கள் போனபோது தண்டல் முன்னறையில் பேப்பரைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். ஒடிசலான உயரமான மனிதர், குரல் மட்டும் பெரியது. அக்கா வந்த காரியத்தைச் சொன்னார். பிலோமினம்மாள் உள்ளேயிருந்து வந்து, எதற்கு வந்திருக்கிறோம் என்று விளங்காமலே சிரித்து, எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போடப் போனார். அக்காவும் பின்னால் போனார். கவிழ்த்த வாளி, சாத்திய கதவு, ஊதுபத்தி எல்லாம் நடந்தது. அந்தப் பாத்ரூம் முன்பு சாமான் அறையாக இருந்தது. ஒரு பக்கம் அடுப்படி, ஒரு பக்கம் நடை, பின்னால் அடுத்த தெருக்காரர் வீட்டுச் சுவர் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. மிச்சம் மேற்குச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லாவின் முற்றம்.

அக்கா வெளியே வந்து, "மாமா, மேற்குச் சுவருதான் தோது" என்றார்.

"அந்தச் சுவர்ல யாரும் கை வைக்கக் கூடாது" என்றார் தண்டல். பிறகு பேப்பரைத் தாழ்த்தினார். "யாரு சொல்லி வந்திய?"

"உங்க மக."

பேப்பரை நாலாக மடித்தார். "அப்பன்னா ஒண்ணும் வேண்டாம். காப்பியக் குடிச்சிட்டுப் போங்க."

அடுப்படியில் பிலோமினம்மாளுக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை, கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதுபோல ஒவ்வொரு மூச்சும் மேலே வந்தது. தண்டல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் நின்றோம். இருமல் நின்றதும், "ஃபேனு நான் போடுதேன். என் செலவு. ஆனா மேல போடு. மட்டப்பாத் தளத்த உடைச்சு ஒரு குழாய ஏத்திரு. கப்பல்ல சரக்கு அறைக்கு மேல கூம்பு நிக்கும்லா, அது மாதிரி" என்றார்.

"மாமா, மேல போனா வாடைக் காத்துல குழாய் குளுந்துரும். ஆவி தண்ணியாகி மோட்டார் மேலயே சொட்டும்."

"சொட்டட்டும்."

"வீடு உங்களது. போட்டுத் தாரேன். ஆனா சொட்டுனா நானே வந்து நிப்பாட்டிருவேன், கரண்டு விசயம்" என்றார் அக்கா.

அக்கா அப்படித்தான். முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். நடக்கப்போவதைச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பிப்பார்.

வேலை நடந்த நாட்களில் பிலோமினம்மாள் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். ஒருநாள் நான் கேட்காமலே சொன்னார். "அவிய கடலுக்குப் போற மனுசன்லா, யய்யா. கொழும்புக்குப் போயி வார வரைக்கும் நான் இங்கன உசுரக் கையில பிடிச்சிட்டு இருப்பேன். மனசக் கசப்பாக்கி அனுப்பக் கூடாதுன்னு மககிட்டப் பேசாம இருந்துட்டேன். இப்ப அவிய கடலுக்கும் போகல. ஆனா எப்படி ஆரம்பிக்கன்னு ரெண்டு பேருக்குமே தெரியல."

ஐப்பசி மழை பிடிக்கிற வரை அந்த ஃபேன் நன்றாக ஓடியது. பிறகு அக்கா சொன்னபடியே சொட்ட ஆரம்பித்தது. சேதி வந்ததும் அக்கா போய் ஃபியூஸைப் பிடுங்கி நிறுத்திவிட்டு, மழை வெறித்த ஒரு காலையில் மோட்டாரைக் கழற்ற என்னை அனுப்பினார். பிலோமினம்மாள், "ஒரு வாளித் துணிதான், யய்யா. அலசிட்டு வந்திருதேன்" என்றார். அதற்குள் மேலே குழாயை மூடிவிடலாம் என்று நான் மாடி ஏறினேன்.

மேலேயிருந்து பார்த்தால் இரண்டு வீடும் தெரியும். இந்தப் பக்கம் ஓட்டுச் சாய்ப்பும் நடையும். அந்தப் பக்கம் முற்றத்தில் ஸ்டெல்லா கல்லில் துவைத்துக்கொண்டிருந்தாள். குழாய் வழியாகப் பிலோமினம்மாளின் இருமல் என் முகத்துக்கு நேராக வந்தது. ஒன்று, இரண்டு, தொடர்ந்து. பிறகு நின்றது. நின்றதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கீழே ஸ்டெல்லா துவைப்பதை நிறுத்தினாள். சுவரில் காதை வைத்தாள். அண்ணாந்து என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, வாளிச் சத்தமும் இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். ஈரச்சேலையோடு தெரு வழியாகச் சுற்றி ஓடினாள். நான் படிகளில் இறங்கி நடைக்கு வருவதற்குள் அவள் முன்னறைக்குள் வந்துவிட்டாள். தண்டல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்த நிலையில் மகளைப் பார்த்தபடி நின்றார்.

"அப்பா, பாத்ரூம்" என்றாள்.

உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தண்டலும் நானும் தோளால் இடித்தோம். மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பிய்ந்தது. ஆவி எங்கள் மேல் கொட்டியது. பிலோமினம்மாள் மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. உதடு நீலம் பாய்ந்து, மூச்சுக்கு வாய் மட்டும் அசைந்தது. ஸ்டெல்லா முழங்காலிட்டு அவரை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தாள். "எம்மா, நாந்தாம்மா. மெல்ல விடு. மெல்ல விடு" என்று முதுகைத் தடவினாள். வாசலில் ரிக்ஷா வந்து நின்ற சத்தம் கேட்டது. ஸ்டெல்லா ஓடியதைப் பார்த்து ரிக்ஷா கூட்டிவந்த ராகவன் வாத்தியார், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய வேட்டி சட்டையோடு உள்ளே வந்து, யாரையும் கேட்காமல் மாமியாரைத் தூக்கிக்கொண்டார். தண்டல் சோப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். "ஐயா, நீங்களும் போங்க" என்று நான்தான் அவரை வாசலுக்குக் கூட்டிவந்து ரிக்ஷாவில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து, ஊசி போட்டு, ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். ஸ்டெல்லா கூடவே இருந்தாள் என்று கேள்விப்பட்டோம்.

பிலோமினம்மாள் வீடு திரும்பிய மறுநாள் தண்டல் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"ரெஜினா, மேற்குச் சுவர்லயே போட்டுரு."

"போட்டுரலாம் மாமா. அந்தப் பக்கம் ஒரு வார்த்தை கேக்கணும்லா? ஆவியும் சூடும் அவிய முத்தத்துக்குத்தான் போவும்."

"நீ கேளு."

"நான் கேக்க மாட்டேன்" என்றார் அக்கா. குரலில் கடுமை இல்லை. "வீட்டுக்காரர் நீங்க. நீங்க கேட்டாத்தான் மொறை."

தண்டல் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். நான் அக்காவிடம், "ஏன்க்கா, நாமளே கேட்டிருக்கலாம்லா? அவரு திரும்ப வராமப் போயிட்டா அந்த அம்மா பாடு?" என்றேன். அன்று அக்கா மத்தியானம் சாப்பிடாமலே இருந்தார். அவருக்கும் அந்தப் பயம் இருந்தது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சாயந்தரம் ராகவன் வாத்தியார் சைக்கிளில் வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. "வந்தாங்க" என்றார். "வாசப்படி ஏறல. தெருவுல நின்னு, வாத்தியாரேன்னு கூப்பிட்டாங்க. உங்க பக்கம் கொஞ்சம் ஆவி வரும், தொந்தரவா இருக்குமான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னிய?" என்றார் அக்கா.

"ஒண்ணும் தொந்தரவில்ல மாமான்னு சொன்னேன். மாமான்னு சொல்லலாமான்னு தெரியல, வாயில வந்துட்டு. தலைய மட்டும் அசைச்சாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சனிக்கிழமை வெச்சுக்கிடுங்க. எனக்கு லீவு. அந்தப் பக்கம் நான் நிக்கேன்."

அந்தச் சுவர் ஒன்றரை அடி கனம். கடலிலிருந்து எடுத்த பாறைக் கல்லைச் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியது. அதில் பெரிய சுத்தியலால் அடித்தால் வேண்டிய கல் நிற்கும், பக்கத்துக் கல் ஆடிவிடும். அதனால் முதலில் வட்டம் வரைந்து, நடுவில் ஒரு நீளக் கம்பியை மெதுவாக அந்தப் பக்கம் வரைக்கும் செலுத்தினேன். கம்பி முனை தெரிந்த இடத்தை மையமாக வைத்து அந்தப் பக்கமும் வட்டம் போட்டோம். கம்பியை வெளிப்பக்கம் ஒரு விரல் தாழ்வாகச் சாய்த்திருந்தேன், உள்ளே தேங்கும் ஈரம் வெளியே வடிய வேண்டும் அல்லவா. பிறகு வட்டத்தின் மேல் கைத்துளைப்பானால் நெருக்க நெருக்கமாகத் துளை போட்டு, சின்ன உளியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தேன். பாதிக் கனம் போனதும் அந்தப் பக்கம் போய் அதேபோல ஆரம்பித்தேன். ஒரே பக்கமிருந்து தட்டினால் முடிவில் அந்தப் பக்கத்துக் காரை தட்டுத் தட்டாகப் பிளந்து விழும்.

தண்டல் ஒரு நாற்காலியை நடையில் போட்டு உட்கார்ந்திருந்தார். கல் ஒவ்வொன்றாக வெளியே வரும்போது கையில் வாங்கி, தடவிப் பார்த்து, ஓரமாக அடுக்கினார். சில கல்லில் கிளிஞ்சல் ஒட்டியிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் நடுவில் ஒரே ஒரு கல் மிச்சமிருந்தது. நல்ல பெரிய கல். இந்தப் பக்கம் இழுக்க இடமில்லை, அந்தப் பக்கம்தான் தள்ள வேண்டும். "சார், நான் மெதுவா நெம்புதேன். நீங்க ரெண்டு கையாலயும் ஏந்திக்கிடுங்க" என்று சுவருக்குள் சொன்னேன். "சரி செல்வராஜ்" என்று குரல் வந்தது. கடப்பாரை முனையை விட்டு நெம்பினேன். கல் அசைந்தது, ஓரத்தில் வெளிச்சம் வந்தது, வெளிச்சத்தில் வாத்தியாரின் விரல்கள் தெரிந்தன. கல்லுக்கு அடியில் கொடுத்திருந்தார், தப்பான இடம். கல் இறங்கினால் விரல் நசுங்கும்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் தோளுக்கு மேலே அந்தப் பெரிய குரல் கேட்டது.

"ஏலே, கைய எடு. கையக் கீழ குடுக்காத. பக்கத்துல பிடி, பக்கத்துல."

விரல்கள் விலகிப் பக்கவாட்டில் பிடித்தன. கல் நகர்ந்து அந்தப் பக்கம் போனது. சூரியன் பாத்ரூமுக்குள் வந்தது. ஓட்டைக்கு அந்தப் பக்கம், மார்போடு கல்லை அணைத்துக்கொண்டு, தலையெல்லாம் சுண்ணாம்பாக வாத்தியார் நின்றார்.

"பட்டுட்டா?" என்றார் தண்டல்.

"இல்ல மாமா."

"காட்டு."

வாத்தியார் கல்லைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் ஓட்டைக்கு நேராக விரித்துக் காட்டினார். கண் மங்கிய மனிதர் தலையை ஓட்டைக்குள் கொடுத்து வெகுநேரம் பார்த்தார். நான் உளிகளைப் பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன். அன்று சாயந்தரம் தேக்குச் சட்டத்தைப் பதித்து, மறுநாள் காரை இறுகியதும் ஃபேனை மாட்டினேன். எர்த் கம்பி புதிதாக இழுத்தேன். ஸ்விட்சை, வழக்கம்போல, பாத்ரூமுக்கு வெளியே நடையில் வைத்தேன்.

அக்கா வந்து ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தார். புகை நேராக மேற்கே போனது. "நல்லா இருக்கு" என்றார். அவர் என் வேலையை அப்படிச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

ஓரிரு மாதம் கழித்துத் தண்டல் மறுபடி கடைக்கு வந்தார். "ஃபேன் ஓடல" என்றார். டெஸ்டரை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்விட்ச் அணைந்திருந்தது. உள்ளே பிலோமினம்மாள் துவைக்கிற சத்தம், சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா துவைக்கிற சத்தம், நடுவில் இரண்டு பேருடைய பேச்சு. ஃபேன் நின்றால் வெளிப்பக்கத்துத் தகடுகள் தானாகப் படிந்து மூடிக்கொள்ளும். அதனால் இருவரும் உரக்கக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஓடலன்னு சொன்னியளே ஐயா" என்றேன்.

"ஓடல. அவதான் போட விட மாட்டேங்கா. ஃபேன் சத்தத்துல மக பேசுறது கேக்கலயாம்." குரலைத் தாழ்த்தினார். "கத்திக் கத்திப் பேசினா அவளுக்கு இருமல் வருது. அந்தத் தகட்ட எடுத்துரு."

"எடுத்தா மழைத் தண்ணி உள்ள அடிக்குமே."

"அது பாத்ரூம்தானலே."

வெளிப்பக்கம் மழைக்கு ஒரு தகரக் கூரை அடித்து, தகடுகளைக் கழற்றிக் கொடுத்தேன். திரும்பி நடைக்கு வந்தபோது உள்ளே கத்தல் இல்லை. பக்கத்தில் இருக்கிறவளிடம் பேசுவதுபோல, "ஏளா, மாப்பிள்ள சட்டைக்கு நீலம் போட்டியா?" என்று பிலோமினம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார். இருமல் இல்லை.

பேச்சு முடிந்ததும் மறக்காமல் ஃபேனைப் போட்டுவிட வேண்டும் என்று தண்டலிடம் சொன்னேன். சரி என்றார். நாற்காலியை ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் விடைபெற்றுக்கொண்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். உள்ளே பேச்சு முடிகிற மாதிரித் தெரியவில்லை. அவர் ஒரு கையை ஸ்விட்சின் மேல் வைத்தபடி, அவசரமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.